வீட்டு விலையில் பள்ளிக்கூடம்



அமெரிக்காவில் வேலை மாறி வேறு ஊருக்குக் குடிபோகும் குடும்பம், நல்ல பள்ளி உள்ள புறநகர் எது என்றுதான் முதலில் விசாரிக்கிறது. பெற்றவர்கள் கவலை நியாயமானதே. ஆனால் விரும்பிய ஊரில் வீடு பிடிக்க யாரால் முடியும்?

அந்நாட்டில் பள்ளிச் செலவில் ஒரு பெரும் பங்கு, அந்தந்த வட்டாரத்து வீடு, நிலங்கள் மீது போடும் வரியிலிருந்து வருகிறது. டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரைப் பாருங்கள். எட்ஜ்வுட், மெக்சிக வம்சாவளி உழைப்பாளிகள் வாழும் பகுதி. அலமோ ஹைட்ஸ், வசதி படைத்தோரின் புறநகர். 1967-68ல் எட்ஜ்வுட்டில் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் வரி. அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான். ஏழைதான் கூடுதல் விகிதத்தில் கட்டினான்! பலன்? உள்ளூர் வரியிலிருந்து எட்ஜ்வுட் பிள்ளைக்குத் தலைக்கு 26 டாலர். அங்கே 333 டாலர். சர்க்கார் மானியங்களைச் சேர்த்த பிறகும் இங்கே 356, அங்கே 594. சின்ன வீட்டுக்கு எவ்வளவு வரி போட்டாலும் மாளிகை வரிக்கு ஈடாகுமா?

1968 மே மாதம் எட்ஜ்வுட் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வீதிக்கு வந்தார்கள். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகடு வேலைத் தொழிலாளி, மற்றப் பெற்றோருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். 1973ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. கல்வி, அரசியல் சட்டம் உத்தரவாதம் செய்த அடிப்படை உரிமை அல்லவாம்!

1989ல்தான் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம், அந்த முறை மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டபோது பள்ளியில் இருந்த பிள்ளைகள், அதற்குள் தாங்களே பிள்ளை பெறும் வயதை எட்டிவிட்டார்கள்.