மரத்தை எறியும் ரம்பம்

மேசை ரம்பத்தில் (டேபிள் சா) மரம் அறுக்கும்போது, பலகை திடீரென ஆளை நோக்கிப் பாய்வதுண்டு. ஏன் தெரியுமா? 10 அங்குல வட்ட ரம்பம் நிமிடத்துக்குச் சுமார் 4,000 முறை சுழலும். முன்பக்கப் பற்கள் கீழிறங்கி அறுக்கும்; பின்பக்கப் பற்கள் மேலெழும். அறுத்த பிளவு இறுகியோ, பலகை கோணியோ பின்பற்களில் பட்டால், ரம்பம் அதைத் தூக்கி எறிந்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் ரம்பத்துக்குப் பின்னால் பிளவை விரித்து வைக்கும் தகடு இருக்கிறது. அதைக் கழற்றாதீர்கள். ரம்பத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். பலகையின் கடைசிப் பகுதியைக் கட்டையால் தள்ளுங்கள். கையுறையும் தோளில் தொங்கும் துண்டும் வேண்டாம்; சிக்கினால் கையையும் இழுக்கும். பிசின் படிந்த ரம்பம் சூடேறி மரத்தைக் கருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். தச்சருக்கு விரல்களே முதல் கருவி. அவற்றைக் காப்பதும் தொழிலின் பாடம்தான்.