இறால் ஓடும் செஞ்சிக் கிணற்று நீரும்



கடலே இல்லாத செஞ்சியில் இறால் ஓட்டைப் பற்றிக் கருத்தரங்கா என்று கேட்கலாம். அந்த ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானால் நீரிலுள்ள பூச்சிக்கொல்லியைப் பிடிக்க முடியுமா என்பதே நம் கேள்வி. செஞ்சி மலைப் பகுதியில் பிறக்கும் வராக நதி, வீடூர் அணையைத் தாண்டி, சங்கராபரணியாகப் புதுச்சேரி வழியே வங்கக் கடலில் சேர்கிறது. இங்கே மல்லாட்டை என்னும் நிலக்கடலைக்கும் நெல்லுக்கும் கரும்புக்கும் அடிக்கிற மருந்தில் ஒரு பங்கு மழையில் கழுவிப்போய் ஆற்றிலும் கிணற்றிலும் இறங்குகிறது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில் ஆனைக்குளமும் சக்கரக்குளமும் வெட்டி, முற்றுகைக் காலத்துக்கும் தண்ணீர் சேர்த்து வைத்த ஊர் இது. 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இந்தக் கோட்டையைச் சுற்றியுள்ள கிணறுகளுக்கும் அதே அக்கறை வேண்டும்.

2003இல் புட்டித் தண்ணீரில் பூச்சிக்கொல்லி இருப்பதை டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்டது. நாடே அதிர்ந்தது. அதன்பின் புட்டி நீருக்கு, எந்த ஒரு பூச்சிக்கொல்லியும் லிட்டருக்கு 0.0001 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வந்தது. கிணற்றில் இறைத்துக் குடிப்பவருக்கு அந்தக் காவல் இல்லை.

இறாலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு தலையும் ஓடும்தான். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தக் கழிவிலிருந்து கைட்டோசான் எடுக்கும் முறையை வகுத்துத் தந்திருக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஓட்டின் சுண்ணாம்பைக் கரைக்கும்; நீர்த்த காரம் புரதத்தை நீக்கும்; மிஞ்சுவது கைட்டின். அதைச் செறிந்த காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். அதை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, ஊசி வழியாகக் காரக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால், வெந்த ஜவ்வரிசி போல வெள்ளை மணிகள் திரண்டு நிற்கும். முதன்முதலாக அதைப் பார்க்கும் மாணவர் கண்ணெடுக்க மாட்டார்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, தங்கம், வெள்ளி நுண்துகள்கள் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைப் பிடிப்பதை 2003லேயே காட்டியது. பின்னாளில், 2013இல், கைட்டோசானையும் அலுமினியச் சேர்மத்தையும் பிணைத்து, வெள்ளித் துகள்களைத் தாங்கிக் கிருமி கொல்லும் வடிகட்டிப் பொருளை வெளியிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் ஆய்வுக்கான வழி தெரிகிறது.

ஆனால் கைட்டோசான் எல்லா மருந்தையும் பிடித்துவிடும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. சற்றே அமிலத் தன்மையுள்ள நீரில் அதன் அமின் தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெறுகின்றன. 2,4-டி, கிளைபோசேட் போன்ற எதிர்மின் களைக்கொல்லிகள் வந்து ஒட்டுகின்றன. பி.எச். 6.5ஐத் தாண்டினால் அந்த ஈர்ப்பு தளர்கிறது. நம் பக்கத்துக் கிணற்று நீரோ பெரும்பாலும் 7க்கு மேல். உப்பும் பைகார்பனேட்டும் போட்டிக்கு வேறு வருகின்றன. மின்னேற்றமே இல்லாத குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை வெறும் மணி அவ்வளவாகப் பிடிக்காது. உலோகத் துகளோ வேறு மாற்றமோ வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த வெற்றியை வைத்துக்கொண்டு ஒரு கிராமத்துக்கு வாக்குக் கொடுப்பது முறையன்று.

கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். எந்த நீரில் சோதித்தீர்கள் என்பதை முதல் படத்திலேயே காட்டுங்கள். நஞ்சை உறிஞ்சிய மணிகளையும், ஓடு கழுவிய அமிலத்தையும் காரத்தையும் எங்கே சேர்ப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இளம் ஆய்வாளர்களே, உணவு இடைவேளையில் ஆளுக்கொரு புட்டியில் இந்த ஊர்க் கிணற்று நீரை எடுத்துப் போய், உங்கள் ஆய்வகத்தில் சோதித்து, முடிவு நல்லதோ கெட்டதோ, கிணற்றுக்காரருக்கும் எழுதி அனுப்புங்கள்.