ஒரு நாளைச் சொல்லுங்கள்

பட்டம் பெறும் பிள்ளைகளே, படிக்கவைத்த பெற்றோரே,

நான் மனநல மருத்துவன். என் மேசைக்கு எதிரே அதிகம் கேட்டவை ‘எப்பவுமே’, ‘எதுவுமே’, ‘ஒருத்தருமே’ என்ற சொற்கள்தான். இன்று அவற்றைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

பொதுமைப்படுத்தாமல் யாரும் வாழ முடியாது. ஒருமுறை சுட்டுக்கொண்ட குழந்தை எல்லா அடுப்பையும் விட்டு விலகுகிறது, அது நல்லதுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானையில் இருப்பது ஒரே அரிசி, ஒரே உலை. மனிதர்களும் அவர்களுடைய நாட்களும் அப்படி ஒன்றாக வேகுவதில்லை.

1920இல் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் வாட்சனும் ரேனரும் ஒரு கைக்குழந்தையிடம் சோதனை செய்தார்கள். குழந்தை வெள்ளெலியைத் தொடப்போகும்போது பின்னாலிருந்து இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். பிறகு அந்தக் குழந்தை முயலைக் கண்டும் ரோமக் கோட்டைக் கண்டும் மிரண்டது. கொடுமையான சோதனை. ஆனால் பயம் எவ்வளவு எளிதாகப் பரவும் என்பதற்கு அதுவே சாட்சி. துயரமும் அப்படித்தான் பரவுகிறது.

ஓர் அம்மா வந்திருந்தார். அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்.

“என் வாழ்க்கையில நல்லதுன்னு எதுவுமே நடந்ததில்ல டாக்டர்.”

நான் மறுக்கவில்லை. “சந்தோஷமா இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கம்மா” என்றேன்.

“அம்மா வீட்டுக்குப் போறப்பல்லாம் நல்லாத்தான் இருக்கும்.”

“அப்படிப் போன ஒரு நாள்?”

“தீபாவளிக்குப் போவோம்.”

“எந்த தீபாவளி?”

நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, “பெரியவன் வயித்துல இருந்தப்போ. மசால் வடை வேணும்னேன். கொட்டுற மழை. எங்கப்பா போய் வாங்கி, பொட்டலத்த வேட்டி மடிப்புல பொதிஞ்சு, அது நனையாம அவர் நனைஞ்சு வந்தாரு” என்றார். சொல்லும்போதே அவருடைய கை மடியில் எதையோ பொத்திப் பிடித்தது.

அன்றே குணமாகிவிடவில்லை. மருந்தும் பல மாதங்களும் தேவைப்பட்டன. ஆனால் ‘எதுவுமே இல்லை’ என்ற வாக்கியம் அன்று உடைந்தது. அதை உடைக்க ஆயிரம் நல்ல நாட்கள் வேண்டாம், ஒன்று போதும் என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே தர்க்கத்தின் விதி.

ஒரு நாளைக் கேட்டும் அந்த அம்மா முதலில் பொதுவாகவே பதில் சொன்னது அவருக்கு மட்டும் உரியதல்ல. 1986இல் உளவியல் ஆய்வாளர்கள் மார்க் வில்லியம்ஸ், பிராட்பென்ட் இருவரும், அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கிப் பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அது நினைவூட்டும் குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியைக் கேட்டார்கள். மற்றவர்களைவிட இவர்கள் பொத்தாம்பொதுவாகவே அதிகம் பதில் சொன்னார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதைப் பின்னால் பலர் கண்டார்கள்.

நான் மாணவனாக இருந்தபோது, கேஸ் ஷீட்டில் ‘அடிக்கடி அழுகிறார்’ என்று யார் எழுதினாலும் எங்கள் பேராசிரியர் அடித்துவிடுவார். “கடைசியா எப்போ அழுதாங்க? யார் பக்கத்துல இருந்தாங்க?” என்பார். ஓடிப்போய்க் கேட்டு வருவோம். அந்த ஓட்டத்தில்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றேன்.

குறிப்பாகக் கேட்கும் இந்தப் பாடத்தில் எங்கள் துறையும் தேற வேண்டும். முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே வாழும் மேலை நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2008இல் ஒரு கணக்கெடுப்பு காட்டியது. ‘மனிதர் இயல்பு இது’ என்று பாடநூல் சொன்னால், எந்த ஊர் மனிதர் என்று தயங்காமல் கேளுங்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை நேர்காணலில் தேறாமல் வீடு திரும்பும் நாள் வரலாம். ‘உனக்கு எப்பவுமே இப்படித்தான்’ என்று சொல்லிவிடாதீர்கள். என்ன கேட்டார்கள், எந்தக் கேள்வியில் தடுமாறினாய் என்று விசாரியுங்கள். அந்தக் கேள்விக்கு அடுத்த முறை விடை தயார்செய்து கொள்ளலாம். ‘எப்பவுமே’ என்பதற்கு எதைத் தயார்செய்வது?