மணற்காட்டு நாகதாளியும் கனடாவின் உறைபனியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில், பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே வடமராட்சிக் கரையில் உள்ள மணற்காடு, காற்றுக் குவித்த மணற்குன்றுகளாலும் மணலிற் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் ஆலயத்தின் சுவர்களாலும் பலர் அறிந்த இடமாகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெறும் இந்நிலம் பாலைவனம் அன்று. ஆயினும் மழையின் பெரும்பகுதி மாரியிலேயே கொட்டித் தீர, மணலும் நீரைத் தேக்காது கீழே விட்டுவிடுவதால், சோளகம் வீசும் மாதங்களில் இங்குள்ள பற்றைகள் பாலைநிலத் தாவரங்களைப் போலவே உயிர்வாழ வேண்டியுள்ளது.

இராவணன் மீசை என்னும் புல், மணல் மூட மூடக் கணுக்களில் வேர்விட்டு மேலெழுகிறது. எருக்கலை தன் இலையின் வெண்ணிறப் பூச்சினால் நீரிழப்பைக் குறைக்கிறது. எனினும் மிகக் கூர்ந்து நோக்கத்தக்கது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இக்கரையில் வேரூன்றிவிட்ட நாகதாளியே. அதன் மடல்கள் உண்மையில் தட்டையான தண்டுகள். இலைகளே முட்களாக மாறியுள்ளன. இலைவாய்கள் எனப்படும் நுண்துளைகளை அது இரவிலே திறந்து, உட்கொண்ட காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் துளைகளை மூடியபடியே உணவாக்குகிறது. மடலை வெட்டினால் கையில் ஒட்டும் வழுவழுப்பான பசை, நீரைப் பிணித்து வைக்கும் பொருளாகும்.

இத்தகைய செடி குளிரையும் தாங்குமா என்பது, ஊர்ச் செடிகளை ரொறன்ரோவில் சாடிகளில் வளர்ப்போருக்கு நடைமுறை வினாவாகும். உறைபனியில் பனிக்கட்டி முதலில் கலங்களுக்கு இடையிலுள்ள வெளியில் தோன்றி, கலத்தினுள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. அவ்விழப்பைத் தாங்கும் கலம் பிழைக்க, உள்ளேயே பனிக்கட்டி தோன்றிய கலம் மென்சவ்வு கிழிந்து மடிகிறது. வறட்சியும் கலத்தை இவ்வாறே உலர்த்துவதால், வறட்சி தாங்கும் செடி குளிரையும் தாங்கும் என்று எண்ணத் தோன்றும். அது பாதி உண்மையே. ஒன்ராறியோவின் தென்கோடியில், ஈரி ஏரிக்கரையிலுள்ள பொயின்ற் பீலி தேசியப் பூங்காவில், நாகதாளியின் நெருங்கிய உறவினமொன்று இயற்கையாகவே வளர்கிறது. இலையுதிர்காலத்தில் பகல் குறுகிக் குளிர் ஏற ஏற, அது நீரை இழந்து, மடல்கள் சுருங்கித் தரையோடு படிந்துவிடுகிறது. எஞ்சிய நீரைப் பசை பிணித்து வைக்க, சர்க்கரை செறிந்த கலச்சாறு எளிதில் உறைவதில்லை. உறைபனியையே கண்டறியாத மணற்காட்டு நாகதாளியோ, மார்கழி வாடையிலும் மாரிநீரைப் பருகிப் பருத்தே நிற்கிறது. குளிர்தாங்கும் திறன் என்பது ஓர் இனம் தன் வாழிடத்தில் எண்ணற்ற தலைமுறைகளாகப் பெற்ற பேறு. மணலும் முள்ளும் ஒத்திருப்பதால் மட்டும் அது வந்துவிடாது.

ஆகவே ஊர் வழிவந்த நாகதாளிச் சாடியை, முதல் உறைபனிக்கு முன்னரே வீட்டினுள் வெளிச்சமான யன்னலோரத்துக்குக் கொண்டுவந்து, குளிர்காலம் முழுவதும் நீரூற்றுவதை ஏறக்குறைய நிறுத்திவிட வேண்டும். ஒன்ராறியோ இனத்தை வெளியிலேயே நடலாம். அதற்கும் சரளையும் மணலும் கலந்த, நீர் தேங்காத மேட்டுப் பாத்தி அவசியம், ஏனெனில் வேரடியில் ஈரம் நின்றால், உறைபனியைத் தாங்கிய செடியும் அழுகிவிடும்.