குடல் பரிசோதனையில் நாம் கேட்க வேண்டியவை

 

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் 'பாலிப்' எனும் சிறு சதைக்கட்டியாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே முற்றுகிறது. கொலோனோஸ்கோப்பியின்போதே அக்கட்டியை அகற்றிவிடலாம். ஆனால் "பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை" என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பது, பார்த்தவர் எப்படிப் பார்த்தார் என்பதைப் பொறுத்தது. நாம் படித்தறிந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறோம்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 12 மருத்துவர்களை ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வெளியானது. குழாயை வெளியே எடுக்கையில் சராசரியாக 6 நிமிடமேனும் நிதானித்தவர்கள் 28.3 விழுக்காட்டினரிடம் கட்டி கண்டனர். விரைந்து முடித்தவர்களோ 11.8 விழுக்காட்டினரிடமே கண்டனர். போலந்தில் 45,026 பேரைக் கொண்டு செய்யப்பெற்று 2010இல் வெளியான ஆய்வு நம்மை இன்னும் கலங்கச் செய்கிறது. நூற்றுக்கு இருபது பேருக்கும் குறைவானவர்களிடமே கட்டி கண்ட மருத்துவர்களிடம் சோதித்துக்கொண்டவர்களுக்கு, பின்னாளில் புற்றுநோய் வரும் அபாயம் கூடுதலாக இருந்தது.

பழி மருத்துவர் மீது மட்டுமன்று. பேதி மருந்தைப் பாதி குடித்து மீதியைக் கொட்டிவிடுவோரும் நம்மில் உண்டு. கழிவு படிந்த குடலில் சிறு கட்டி தென்படாது. முந்திய இரவு பாதி, சோதனையன்று காலை பாதி என மருந்தைப் பிரித்துக் கொடுப்பதும் இதற்காகவே.

அறிக்கையைப் பெறுகையில், குடல் சுத்தமாக இருந்ததா, குழாய் பெருங்குடலின் தொடக்க முனைவரை சென்றதா, அம்முனையின் படம் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.