ஸ்பேனர் யார் கையில்?

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொழில்நுட்பத் துறையில் பெண்கள், அவர்களுக்குத் துணை நிற்கும் ஆண்கள் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பைக் கேட்டால் பலருக்கும் சென்னை ஓஎம்ஆர் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள்தான் மனத்தில் வரும். நான் வேடசந்தூரில் தொடங்குகிறேன். நம் சமவெளியில் விடியுமுன் ஊர் ஊராக வந்து நிற்கிற மில் பஸ்களில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ரிங் ஃப்ரேமையும் ஆட்டோகோனரையும் ஓட்டுகிறவர்கள் அவர்கள். அறுந்த நூலை ஓடுகிற மிஷினிலேயே கண் இமைக்கும் நேரத்தில் ஒட்டிவிடுகிற விரல்கள் அவர்களுடையவை. இது தொழில்நுட்பம் இல்லையென்றால் வேறு எது? ஆனாலும் மிஷின் நின்றுவிட்டால் என்ன நடக்கிறது? அவள் ஒதுங்கி நிற்கிறாள். ஃபிட்டர் வருகிறார். ஃபிட்டர் ஆண்.

இது தற்செயலாக நடந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 22(2)ஆம் பிரிவில், ஓடும் இயக்கப் பொறியைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ சரிசெய்யவோ பெண்ணை விடக்கூடாது என்று எழுதியது. பஞ்சு உடைக்கும் இயந்திரம் இருக்கிற இடத்தில் பெண்ணை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது 27ஆம் பிரிவு. பாதுகாப்பு என்பதுதான் காரணம். ஓடுகிற சக்கரம் ஆணின் கையை மட்டும் விட்டுவிடுமா? சக்கரத்துக்கு மூடி போடுவதைவிடப் பெண்ணைத் தள்ளி நிறுத்துவது செலவு குறைந்த வழி. பழுது பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் சம்பளம் கூடுகிறது. மேற்பார்வையாளர் நாற்காலியும் அந்த வழியாகத்தான் வருகிறது. இரவு வேலைத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் நீக்கியபோது இரவு ஷிஃப்ட் பெண்களுக்கு வந்து சேர்ந்தது. ஸ்பேனர் வரவில்லை.

இனி கிண்டிக்குப் போவோம். 1940களின் தொடக்கத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஏ. லலிதா என்ற பெண் மின்பொறியியல் படித்தார். பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டு வயதில் கணவர் மரணம், கையில் நான்கு மாதக் குழந்தை. அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர்தான் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார், மேலதிகாரிகளின் அனுமதியும் வாங்கினார். பெண்கள் படிக்கலாம் என்று ஆனதும் பி.கே. த்ரேசியா, லீலாம்மா ஜார்ஜ் இருவரும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். சான்றிதழ் அச்சிட்டவர்களுக்குப் பெண் பட்டதாரி என்ற நினைப்பே இல்லை. அச்சாகியிருந்த ஆண்பால் சொல்லை மையால் அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள். லலிதா பக்ரா நங்கல் திட்டத்தின் மின்பாதை வேலை வரை போனார். 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் பன்னாட்டுப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

நல்ல அப்பாதான். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் கதவைத் தட்டிய அந்த அப்பா கட்டடத்துக்கு உள்ளேயே இருந்தார் என்பதை நாம் கவனிக்காமல் விட முடியாது. நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கப் போகிற அப்பாவும், திண்டுக்கல் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற அப்பாவும் எந்த முதல்வரிடம் போய்ப் பேசுவார்கள்?

அண்ணல் இதை அப்போதே பார்த்துவிட்டார். 1942 ஜூலையில் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட பெண்களின் மாநாட்டில் பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் வைஸ்ராய்க்குக் கொடுத்த மனுவில், பட்டியல் சாதி மாணவர்களுக்கு அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டார். அரசு அச்சகத்திலும் ரயில்வே பட்டறையிலும் தொழில் பழகுநர்களாகச் சேர்க்கச் சொன்னார். சட்டமும் பொருளாதாரமும் படித்த மனிதர் தன் மக்களுக்குப் பட்டறையைக் கேட்டார் என்பதை நம் மேடைகளில் நாம் போதிய அளவு சொல்வதில்லை.

இப்போது வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். 2021 ஜனவரியில் நம் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு தலித் இளம்பெண் கொல்லப்பட்டாள். அவள் பெயரை இங்கே சொல்லவில்லை; உங்களுக்குத் தெரியும். அந்தக் கொலைக்காக அவளுடைய மேற்பார்வையாளர்தான் கைதானார். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், பெண்கள் நடத்துகிற, தலித் தொழிலாளிகள் முன்னிற்கிற சங்கம். அது ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளுடன் சேர்ந்து போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும், பின்னர் கேப், பிவிஎச் நிறுவனங்களும் கையெழுத்திட்டன. உலகம் இதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்கிறது. பூட்டுக்கும் பிரியாணிக்கும் அடுத்து நம் ஊர்ப்பெயர் இப்படியும் வெளியே போயிருக்கிறது. முதல் ஆண்டறிக்கையின்படி தொழிலாளிகள் கொண்டுவந்த 185 புகார்களில் 182 தீர்ந்தன.

அந்த ஒப்பந்தம் சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லித் தடுத்தது. அதே 2022 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் என்ன நடந்தது தெரியுமா? நம் தமிழ்நாட்டு வேர் கொண்ட தேன்மொழி சௌந்தரராஜன், கூகுள் நியூஸ் ஊழியர்களிடம் சாதி பற்றிப் பேச இருந்தார். உள்ளேயிருந்த சிலர் எதிர்த்தார்கள். பேச்சு ரத்தானது. அழைத்த அதிகாரி தனுஜா குப்தா ஜூனில் வேலையை விட்டு வெளியேறினார். உலகின் பெரிய கணினி நிறுவனத்தில் பேசவே முடியாத ஒரு சொல்லை நம் தையல் மிஷின் பெண்கள் அதே மாதத்தில் ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள்.

அண்ணன்மார்களே, தம்பிமார்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பெண்ணுக்குத் துணை நிற்பது நல்ல மனசு சார்ந்த காரியம் என்று நினைக்கிறோம். அது போதாது. பக்கத்து மிஷினில் மேற்பார்வையாளர் ஒரு பெண்ணின் தோளில் கை வைப்பதைப் பார்க்கிற தலித் இளைஞனுக்கும் கந்து வட்டி இருக்கிறது, வாடகை இருக்கிறது. சாட்சி சொன்னால் மறுநாள் கேட்டில் நிறுத்துவார்கள். அவனைக் கோழை என்று திட்ட நான் தயாராக இல்லை. புகார் சொன்னவரைப் பழிவாங்கக்கூடாது, மீறினால் ஆர்டர் பாதிக்கும் என்று அந்த ஒப்பந்தத்தில் இருந்ததே, அதுதான் வாய் திறக்க வைக்கிறது. ஆகவே முதலில் சங்கத்தில் சேருங்கள். பெண் தலைவி நடத்துகிற சங்கமென்றால் பின்வரிசையில் உட்காரப் பழகுங்கள். இது நம் இயக்கத் தோழர்களுக்கும் சேர்த்துத்தான். மேடையில் அன்னை மீனாம்பாள் படம் இருக்கிறது. வரவுசெலவு நோட்டு இன்னும் அண்ணன்கள் கையில்தான் இருக்கிறது.

வீட்டிலும் கணக்கு இருக்கிறது. வாங்கிய ஒரே லேப்டாப் யார் அறையில் இருக்கிறது? செமஸ்டர் வாரத்தில் தண்ணீர் பிடிப்பது யார்? பெண் பொறியியல் முடித்துக் கோவையிலோ ஓசூரிலோ வேலை கிடைத்தால், “தனியா எப்படி அனுப்புறது” என்று முதலில் சொல்வது பெரும்பாலும் அண்ணன்தான். ஃபிட்டராக இருக்கிற தோழர்களுக்கு இன்னும் எளிய வேலை. ஓய்வு நேரத்தில் பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு, நின்றிருக்கிற மிஷினைக் கழற்றிக் காட்டுங்கள். உங்கள் வேலை போய்விடாது. அவள் கேட்கிற கேள்வியில் உங்களுக்கே ஒன்று புதிதாகத் தெரியவரும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. ஐடிஐக்கும் பாலிடெக்னிக்குக்கும் அது பொருந்தும். 2021 முதல் பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் இருக்கிறது. ஆனாலும் நம் சேரியில் ஐடிஐ என்றால் பையனுக்கு, பெண்ணுக்கு மில் என்றுதான் பேச்சு. ஃபிட்டர் பிரிவையும் எலக்ட்ரீஷியன் பிரிவையும் பெண் பெயரில் நிரப்புகிற விண்ணப்பம் எத்தனை இருக்கும்?

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். அடுத்த சேர்க்கைக் காலத்தில் இந்த அறையை இரண்டு ஞாயிற்றுக்கிழமை திறந்து வையுங்கள். சாதிச் சான்று, மாற்றுச் சான்று, ஆதார் நகலுடன் பிள்ளைகளை அழைத்து வருகிறோம். கணினி தெரிந்த தம்பிகள் நான்கு பேர் விண்ணப்பம் பதிய வரவேண்டும். தேநீர்ச் செலவு என்னுடையது, போடுவது தம்பிகள்.