மாம்பழ விழுது பூசணம் பிடிக்காமல் இருக்க



கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாம்பழம் வந்து குவியும் மாதங்களில் விலை இறங்கிவிடும். அதை நம்பித்தான் சென்ற ஆண்டு 18 பாட்டில் கிண்டினோம். 6 பாட்டிலில் பூசணம். தவறு நம்முடையது: கழுவிய பாட்டிலை ஈரத்தோடு நிரப்பினோம். வீண்விரயத்தைத் தடுக்கப்போய் நாமே வீணாக்கினோம்.

இம்முறை 2 கிலோ விழுதுக்கு அரைக் கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சைச் சாறு. ஸ்லோ குக்கரில் வைப்பவர்கள் மூடியைச் சற்று விலக்கி வையுங்கள். மூடிவிட்டால் ஆவி தண்ணீராகி விழுதிலேயே சொட்டும், எத்தனை மணி நேரமானாலும் இறுகாது. குக்கர் இல்லாவிட்டால் அடிகனமான பாத்திரம், சிறு தீ, பொறுமைதான் வேண்டும். தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சுற்றி நீர் கசியாவிட்டால் பதம்.

கண்ணாடிப் பாட்டிலை 10 நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, முழுக்கக் காயவைத்து, சூடாகவே நிரப்புங்கள். ஜாம் அளவுக்கு இதில் சர்க்கரை இல்லை. ஆகவே அலமாரியில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் மூன்று வாரம், ஃப்ரீசரில் சில மாதம். கரண்டி உலர்ந்திருக்கட்டும்.

விற்க விரும்பும் சகோதரிகள் பலர் கேட்கிறீர்கள். இந்த அளவு வீட்டுக்கு மட்டுமே. விற்பனைக்கு முறையான பயிற்சியும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் வேண்டும். விண்ணப்பம் நிரப்ப அலுவலகத்துக்கு வாருங்கள், கூட இருந்து செய்து தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.